பகையாளி இருவருக்கும் ஒரே செக்கிங் டேபிள்

ஊத்துக்குளி, ஊத்துக்குளி ஆர்.எஸ்., செங்கப்பள்ளி, குன்னத்தூர் சுற்றுவட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் செக்கிங், அயர்னிங், பேக்கிங் பார்க்கும் அக்கா, தங்கச்சி, அண்ணன், தம்பி அனைவருக்கும்,



பையர் அனுப்பும் ஸ்பெக் ஷீட்டைப் படித்து, அதில் உள்ளதை ஃப்ளோருக்குத் தமிழில் சொல்வது என் வேலை. அளவு, லேபிள் வைக்கும் இடம், மடிப்பு, கார்ட்டன் மார்க்கிங் எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். நெஞ்சில் அச்சடித்த பெயர் யாருடையது என்பது மட்டும் இருக்காது. ‘இந்த மிச்சிகன்ங்கறது கம்பெனியா, ஊருங்களா?’ என்று டேபிளில் நிற்கிறவர்கள் கேட்டால், ‘அமெரிக்காவுல ஒரு காலேஜுங்க’ என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் எங்களைப் போன்றவர்கள் வழக்கம். அந்தப் பதில் பத்தாது. அந்த காலேஜுக்கு ஒரு கால்பந்து அணி இருக்கிறது. அணிக்கு நூறு வருஷத்துக்கு மேலான பகை இருக்கிறது. அந்தப் பகைதான் டி-சர்ட்டை விற்றுக் கொடுக்கிறது. அதற்கும் நம் கூலிக்கும் தொடர்பு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில் ஆட்டம் எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். பேர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில் இருக்கும். உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு முனையும் கூம்பிய பந்து. பக்கத்துக்குப் பதினோரு பேர், தலையில் ஹெல்மெட், தோளில் கவசம். பந்தோடு எதிராளி எல்லைக்குள் போய்ச் சேர்ந்தால் 6 புள்ளி. நாலு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறாவிட்டால் பந்து அடுத்த அணிக்குப் போய்விடும். ஆளை ஆள் மோதித் தள்ளும் முரட்டு ஆட்டம்.

இந்த ஆட்டத்தைப் பெற்றெடுத்ததே கல்லூரிகள்தான். 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் பக்கத்துக்கு 25 பேராக நின்று ஆடியதைத்தான் முதல் ஆட்டம் என்கிறார்கள். ஹார்வர்டும் யேலும் 1875 முதல் மோதுகின்றன. சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் தேசிய லீக் 1920 இல்தான் வந்தது. அதற்குள் ஐம்பது வருஷம் ஓடி, சனிக்கிழமை என்றால் காலேஜ் ஆட்டம் என்று அந்த நாட்டில் ஊறிப்போயிருந்தது. நமக்குச் சனிக்கிழமை சம்பள நாள், அவர்களுக்கு மைதானத்து நாள்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1817 இல் டிட்ராய்ட் நகரத்தில் தொடங்கி, 1837 இல் ஆன் ஆர்பர் என்ற ஊருக்கு மாறியது. அதன் அணி முதல் ஆட்டத்தை 1879 மே 30 அன்று சிகாகோவில் ஆடி, 1–0 என்று ஜெயித்தது. பேர் வாங்கிக் கொடுத்தவர் ஃபீல்டிங் யோஸ்ட் என்ற பயிற்சியாளர். 1901 இல் அவர் வந்த முதல் சீசனில் அணி எடுத்த புள்ளி 550, எதிராளிகள் எல்லோரும் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். அந்த சீசனின் கடைசி ஆட்டம் 1902 புத்தாண்டு நாளில் கலிஃபோர்னியாவில் நடந்தது. ரோஸ் பௌல் என்று இன்றைக்கும் நடக்கிற போட்டிக்கு அதுதான் ஆரம்பம். எதிரே ஆடிய ஸ்டான்ஃபோர்ட் 49–0 என்று பின்தங்கிய நிலையில், நேரம் மிச்சம் இருக்கும்போதே போதும் என்று ஒதுங்கிக்கொண்டது.

1927 இல் கட்டிய அவர்களுடைய மைதானத்துக்குப் ‘பெரிய வீடு’ என்று செல்லப்பேர். இன்றைய கணக்கில் 1,07,601 பேர் உட்காரலாம். ஆன் ஆர்பர் ஊரின் மொத்த ஜனத்தொகையே 1,24,000 அளவில்தான். 1975 நவம்பரிலிருந்து, கொரோனா அடைப்பு இருந்த 2020 ஐத் தவிர, அங்கே நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானோர் உடம்பில் நீலமோ மஞ்சளோ இருக்கும். அந்த நிறங்களை 1867 இல் ஒரு மாணவர் குழு தேர்ந்தெடுத்தது. நம் டையிங் ஆட்களுக்கு அவை பான்டோன் எண்கள்: மக்காச்சோள மஞ்சளுக்கு 7406, கருநீலத்துக்கு 282. ஷேடு ஒரு துளி மாறினாலும் லேப் டிப் திரும்பி வந்துவிடும். ஒரு லட்சம் பேர் நடுவில் ஒருத்தர் மட்டும் வேறு மஞ்சளில் நிற்பதை அந்த ஊர் பொறுத்துக்கொள்ளாது.

இனிப் பகைக்கு வருவோம். மிச்சிகனுக்குப் பகையாளிகள் நிறைய.

1887 இல் மிச்சிகன் மாணவர்கள் நோட்டர் டேம் என்ற கல்லூரிக்குப் போய், அங்கே இருந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து, அன்றைக்கே 8–0 என்று ஜெயித்தும் காட்டினார்கள். பாடம் படித்தவர்கள் பிற்காலத்தில் நாட்டிலேயே பேர்போன அணியாகி, சொல்லிக்கொடுத்தவர்களோடு மல்லுக்கு நின்றார்கள்.

மின்னசோட்டாவோடு இருப்பது ஒரு தண்ணீர்க் கூஜா பகை. 1903 இல் அங்கே ஆடப்போன யோஸ்ட், எதிராளி ஊர்த் தண்ணீரை நம்பாமல், 30 சென்டுக்கு ஒரு கூஜா வாங்கித் தம் ஆட்களுக்குத் தனித்தண்ணீர் வைத்தார். ஆட்டம் 6–6 என்று முடிய, கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட்டது. அந்தக் களேபரத்தில் கூஜா அங்கேயே தங்கிவிட்டது. திருப்பிக் கேட்டதற்கு, ஜெயித்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. மிச்சிகன் 1909 இல் ஜெயித்து எடுத்துக்கொண்டது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கூஜாதான் இரண்டு அணிக்கும் நடுவே கோப்பை.

இவையெல்லாம் பங்காளிச் சண்டை. தலைமுறை தலைமுறையாக வருகிற பகை ஒஹாயோ ஸ்டேட் அணியோடுதான். அதன் வேர் பந்து வருவதற்கு முன்பே ஊன்றியது. 1835 இல் டொலிடோ என்ற ஊரும் அதை ஒட்டிய நிலமும் யாருக்கு என்று ஒஹாயோ மாநிலமும் அப்போது மாநிலமாகாத மிச்சிகனும் வரப்புத் தகராறு பிடித்து, இரண்டு பக்கமும் ஆயுதத்தோடு ஆள் திரட்டின. உயிர்ச்சேதம் இல்லை, பேனாக்கத்தியால் குத்துப்பட்டவர் ஒருவர்தான். டொலிடோ ஒஹாயோவுக்குப் போனது. பதிலுக்கு மிச்சிகனுக்கு வடக்கே ஒரு பெரிய தீபகற்பம் கிடைத்து, 1837 இல் மிச்சிகன் மாநிலமானது. வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்ட அந்த நிலத்தில் பின்னால் செம்பும் இரும்பும் கிடைத்தன. ஆனாலும் வரப்பு விஷயம் வரப்பு விஷயம்தான். நம் பக்கத்தில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு கல்லூரிகளும் முதலில் மோதியது 1897 இல். மிச்சிகன் 34–0 என்று ஜெயித்தது. 1918 இலிருந்து ஏறக்குறைய ஆண்டுதோறும் மோதுகிறார்கள். 1935 முதல், இரண்டும் சேர்ந்திருக்கும் கல்லூரி லீக்கின் சீசனில் கடைசி ஆட்டமாக, நவம்பர் மாதக் குளிரில் வைப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வாரம் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்தில் எங்கெல்லாம் ‘எம்’ என்ற எழுத்து இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு நாடாவால் குறுக்கே அடித்து வைப்பார்கள். பெயர்ப்பலகை, வழிகாட்டிப் பலகை எதுவும் தப்பாது.

1950 நவம்பர் 25 அன்று ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸ் நகரத்தில் நடந்த ஆட்டத்தைப் ‘பனி ஆட்டம்’ என்கிறார்கள். கோடு தெரியாத அளவுக்குப் பனிப்புயல். ஐம்பதாயிரம் பேர் அதிலும் உட்கார்ந்து பார்த்தார்கள். நாலு முயற்சிக்குள் 10 கஜம் என்று சொன்னேனே, அதை மிச்சிகன் அன்று முழுக்க ஒரு தடவைகூடச் செய்யவில்லை. எறிந்த பந்து ஒன்றுகூடத் தன் ஆள் கைக்குப் போகவில்லை. ஆனாலும் எதிராளி உதைத்த பந்தை மறித்தே 9 புள்ளி சேர்த்து, 9–3 என்று ஜெயித்தது.

அடுத்த வருஷம் ஒஹாயோவுக்கு உடி ஹேய்ஸ் என்ற பயிற்சியாளர் வந்தார். மிச்சிகன் எல்லைக்குள் பெட்ரோல் போடவே மாட்டார், வண்டி நின்றால் எல்லை தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போகலாம் என்பார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. 1968 இல் அவர் அணி மிச்சிகனை 50–14 என்று அடித்தது. மறு வருஷம் மிச்சிகனுக்குப் பயிற்சியாளராக வந்தவர் போ ஷெம்பெக்லர். ஹேய்ஸிடமே ஆடிப் பழகி, அவருக்குக் கீழேயே வேலை பார்த்தவர். பயிற்சியின்போது ஒஹாயோ போல வேஷம் கட்டி எதிரே நின்ற தம் ஆட்கள் அத்தனை பேருக்கும் 50 என்ற எண் போட்ட சட்டையை அவர் மாட்டிவிட்டார் என்று சொல்வார்கள். முதுகில் இருந்த அந்த இரண்டு இலக்கமே போதுமாக இருந்தது. 1969 இல் குருவை 24–12 என்று சிஷ்யன் கவிழ்த்தான். அங்கிருந்து 1978 வரை நடந்ததற்குப் பத்தாண்டுப் போர் என்று பேர். பத்தில் மிச்சிகனுக்கு ஐந்து வெற்றி, ஒஹாயோவுக்கு நாலு, ஒன்று சமன்.

சமனில் முடிந்த அந்த ஒன்றுதான் இன்னும் ஆறாத புண். 1973 இல் தோல்வியே காணாத இரண்டு அணிகளும் மோதி 10–10 என்று முடித்தன. ரோஸ் பௌல் போட்டிக்கு யாரை அனுப்புவது என்று லீக்கிலுள்ள கல்லூரிகளின் விளையாட்டு இயக்குநர்கள் ஓட்டுப் போட்டு ஒஹாயோவை அனுப்பினார்கள். ஷெம்பெக்லர் கடைசிவரை அதை மறக்கவில்லை. ஹேய்ஸ் கதை வேறு மாதிரி முடிந்தது. 1978 கடைசியில் வேறொரு ஆட்டத்தில் எதிரணிப் பையன் ஒருவனைக் கைநீட்டி அடித்தார், மறுநாளே வேலை போனது. 2006 இல் நாட்டின் முதலிடத்து அணியும் இரண்டாமிடத்து அணியுமாக இந்த இரண்டு கல்லூரிகளும் மோதவிருந்த நாளுக்கு முந்தின நாள் ஷெம்பெக்லர் இறந்தார். ஆட்டம் நடந்தது, ஒஹாயோ 42–39 என்று ஜெயித்தது.

மிச்சிகன் 2023 நவம்பரில் ஆயிரம் வெற்றி கண்ட முதல் கல்லூரி அணி ஆனது. 2024 ஜனவரி 8 அன்று வாஷிங்டன் அணியை 34–13 என்று வென்று தேசிய சாம்பியன் பட்டமும் வாங்கியது. அதே வருஷம் நவம்பரில் கொலம்பஸில் 13–10 என்று ஜெயித்தவர்கள், எதிராளி மைதானத்தின் நடுவிலேயே தங்கள் கொடியை நடப்போக, கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்துப் பிரித்துவிட்டது. இரண்டு கல்லூரிக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். இத்தனைக்கும் அந்த சீசன் முடிவில் தேசியப் பட்டம் வாங்கியது, அன்று தோற்ற ஒஹாயோ ஸ்டேட்தான். அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால், பட்டத்தைவிட அந்த 13–10 தான் இன்னும் உறுத்துகிறது என்பார்கள்.

கல்லூரிப் பேருக்கு இப்படிப் பாய்கிறவர்கள் தமிழர்களிலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று பேர். பழைய மாணவர்கள் கடல் தாண்டி வந்து பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பாசத்தை அமெரிக்கர்கள் அளவுக்குக் காசாக்கியவர்கள் யாரும் இல்லை.

எப்படிக் காசாக்கினார்கள் என்பது உங்கள் டேபிளிலேயே இருக்கிறது. அங்கே கல்லூரிப் பேரும் சின்னமும் பதிவு செய்த சொத்து. அதை அச்சடிக்க லைசென்ஸ் வாங்க வேண்டும், விற்கிற சரக்கின் மொத்த விலையில் நூற்றுக்கு இவ்வளவு என்று கல்லூரிக்குக் கட்ட வேண்டும். ஹேங் டேக்கிலோ கழுத்து லேபிளிலோ பளபளவென்று ஒரு ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்களே, அந்த லைசென்ஸுக்கு அடையாளம் அதுதான். எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கச் சொல்வதும் அதனால்தான். காதர்பேட்டையில் நூறு, இருநூறுக்குத் தொங்குகிற மிச்சிகன் டி-சர்ட்டைப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அந்த ஸ்டிக்கர் இருக்காது.

2015 இல் மிச்சிகன் அணிகளுக்கு உடுப்புக் கொடுக்க நைக்கி நிறுவனம் போட்ட நீண்டகால ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 17 கோடி டாலர். நம் டேபிளில் ஒரு எம் எழுத்தின் காலில் பிரிண்ட் விட்டிருந்தால், நீங்கள் ஆரோ ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் கூடையில் போடுகிறீர்கள். அந்த எழுத்தின் விலை அது. நவம்பர் குளிரில் போடுகிற ஹூடியை நாம் சித்திரை வெயிலில், உள்ளே பிரஷ் அடித்த ஃப்ளீஸ் துணியின் பஞ்சு மூக்கில் ஏற ஏறத் தைக்கிறோம், மடிக்கிறோம். ஒரு வாரம் நீலமும் மஞ்சளும், அடுத்த வாரம் ஒஹாயோவின் சிவப்பும் சாம்பலும். அங்கே ஒருத்தர் மூஞ்சியில் ஒருத்தர் முழிக்காதவர்கள் இங்கே ஒரே டேபிளில் ஒருத்தர் மேல் ஒருத்தராக அடுக்கப்பட்டு, பக்கத்துப் பக்கத்துக் கார்ட்டனில் தூத்துக்குடி போகிறார்கள்.

இதில் ஆடுகிறவனுக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்பீர்கள். படிப்புக்கான ஸ்காலர்ஷிப் தவிர, ரொம்ப காலம் ஒன்றும் இல்லை. சட்டையின் முன்னால் கல்லூரிப் பேர், பின்னால் அவனுடைய எண். பேருக்கு ராயல்டி உண்டு, எண்ணுக்குக் கிடையாது. பயிற்சியாளர் பல லட்சம் டாலர் வாங்கினார். ஆட்டக்காரர்கள் பல வருஷம் கோர்ட் ஏறி இறங்கிய பிறகு, 2021 ஜூலையில்தான் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க வழி பிறந்தது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. பேருக்குப் பின்னால் நிற்கிறவர்களும் பங்கு கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

சட்டை தைக்கிறவர்களுக்காகவும் கேட்டவர்கள் உண்டு. கேட்டது அந்தக் கல்லூரிப் பிள்ளைகளே. 1999 மார்ச்சில் மிச்சிகன் மாணவர்கள் துணைவேந்தர் போன்ற பொறுப்பில் உள்ள தலைவரின் அறைக்குள் புகுந்து 51 மணி நேரம் உட்கார்ந்தார்கள். ‘நம் கல்லூரிப் பேர் போட்ட துணி எந்தத் தொழிற்சாலையில், எந்த நிலைமையில் தைக்கப்படுகிறது, முகவரியைச் சொல்லுங்கள்’ என்பது அவர்கள் கோரிக்கையில் முக்கியமானது. வேறு பல கல்லூரிகளிலும் இதே போல உட்கார்ந்தார்கள். அதுவரை தொழிற்சாலை முகவரி தொழில் ரகசியம் என்று சொல்லிவந்த நைக்கி, அந்த வருஷம் அக்டோபரில் மிச்சிகன் உள்ளிட்ட சில கல்லூரிகளுக்குத் தைக்கும் இடங்களின் பட்டியலை வெளியிட்டது.

2000 ஆம் ஆண்டு மாணவர்களும் கல்லூரிகளும் தொழிலாளர் நிபுணர்களும் சேர்ந்து தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தார்கள். டபிள்யூ.ஆர்.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பிராண்டுகளின் பணம் வாங்காமல் ஆலைகளை விசாரிப்பது அதன் வேலை. மிச்சிகன் அதில் சேர்ந்தது. உடனே நைக்கி, மிச்சிகனோடு நடத்திவந்த ஒப்பந்தப் பேச்சை முறித்துக்கொண்டது. மறு வருஷமே திரும்பி வந்து கையெழுத்துப் போட்டது, தொழிலாளர் விதிகளையும் சேர்த்துத்தான். ஒரு லட்சம் பேர் நிரம்பும் மைதானத்தில் தன் சின்னம் தெரியாமல் போவதை எந்தக் கம்பெனிதான் தாங்கும்?

அதனால் தைக்கிறவர்களுக்கு என்ன ஆயிற்று? இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

2001 ஜனவரி, மெக்சிகோவில் அட்லிஸ்கோ என்ற ஊர். கல்லூரி ஸ்வெட்ஷர்ட் தைக்கும் குக்டாங் என்ற கம்பெனியில் கேன்டீன் சாப்பாடு கெட்டுப்போய் வந்தது. கேள்வி கேட்ட ஐந்து பேரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். எண்ணூறு பேருக்கு மேல் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து அடித்து விரட்டியது. டபிள்யூ.ஆர்.சி. போய் விசாரித்தது, அமெரிக்காவில் மாணவர்கள் பிராண்டை நெருக்கினார்கள். நிறுத்தப்பட்டவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். செப்டம்பருக்குள் தொழிலாளர்களே அமைத்த சங்கத்தைக் கம்பெனி ஒப்புக்கொண்டு ஒப்பந்தம் போட்டது. ஆரம்பித்தது சாப்பாட்டுத் தட்டில் என்பதைக் கவனியுங்கள். நம் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இது அந்நியக் கதை இல்லை.

2009 ஜனவரியில் ஹோண்டுராஸ் நாட்டில், தொழிலாளர்கள் சங்கம் வைத்த பின் ரஸல் என்ற பிராண்ட் தன் ஆலையை மூடியது. சங்கத்தின் மேல் இருந்த வெறுப்பும் அதற்கு ஒரு காரணம் என்று டபிள்யூ.ஆர்.சி. அறிக்கை கொடுத்தது. மிச்சிகன் உட்படப் பல கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ரஸலின் லைசென்ஸை வெட்டின. மைதானத்தில் அடித்துக்கொள்கிற கல்லூரிகள் பலவும் இதில் ஒரே பக்கம் நின்றன. நவம்பரில் ரஸல் இறங்கிவந்தது. 1,200 பேரைத் திரும்ப எடுக்கவும், புது ஆலை திறக்கவும், சங்கத்தோடு பேசவும் ஒப்புக்கொண்டது. மூடின ஆலை சங்கத்தோடு திரும்பத் திறந்ததை நம் தொழிலில் எத்தனை முறை கேள்விப்பட்டிருக்கிறோம்?

நம் தமிழ்நாட்டுக்கும் டபிள்யூ.ஆர்.சி. வந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஒரு பனியன் ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் கொலை செய்யப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். அதன்பின் அங்கே வேலை பார்த்த மற்றப் பெண்களும் தங்களுக்கு நடந்த தொல்லைகளை வாய்திறந்து சொன்னார்கள். டபிள்யூ.ஆர்.சி. விசாரித்தது. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் நின்றது. 2022 ஏப்ரலில் சங்கமும், ஆலை நிர்வாகமும், எச் அண்ட் எம் நிறுவனமும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. பிறகு வேறு பிராண்டுகளும் சேர்ந்தன. லைனுக்கு லைன் தொழிலாளிப் பெண்களே கண்காணிப்பாளர்களாக இருந்து, தொல்லை என்றால் பயமில்லாமல் சொல்லலாம் என்பது அதன் சாரம். பிராண்ட் கையெழுத்துப் போட்டதால், ஆலை மீறினால் ஆர்டரில் அடி விழும் என்ற நிலை வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து நம்மைக் காப்பாற்றுவார்கள் என்று நினைக்க வேண்டாம். விதியெல்லாம் ஆடிட் நாளில் மட்டும் உயிர்பெறும் என்பது நமக்குத் தெரியும். கல்லூரி ஆர்டர் நம் மொத்த வேலையில் ஒரு சிறு பங்கு. லைசென்ஸ் கம்பெனி விலையைக் குறைத்துக்கொண்டே, விதியை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் முதலாளிக்கும் மூச்சு முட்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் நின்ற வேகத்தை நேரில் பார்த்தோம். வேலையே இல்லாத இடத்தில் எந்த விதியும் சோறு போடாது. சங்கங்களும் உற்பத்தியாளர்களும் உட்கார்ந்து பேசி முடிக்கிற கூலி ஒப்பந்தத்துக்கு மாற்று எதுவும் இல்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. மற்ற பிராண்டின் பெயர் ஒரு கம்பெனிக்குச் சொந்தம், அதைக் கேள்வி கேட்கிறவன் வெளியாள். கல்லூரிப் பெயரைத் தங்கள் பெயராக நினைத்து உயிரை விடுகிறவர்கள் அங்கே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தப் பேர் கெட்டால் அவர்களுக்கே சுடும். பகையாளி ஊர்க்காரன் அதைச் சொல்லிக் காட்டினால் இன்னும் சுடும். இந்தச் சூடு நமக்கு உதவும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு கதையும் சொன்னேன்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, அடுத்த முறை கல்லூரி ஆர்டர் ஓடும்போது பேரையும் லேபிளில் இருக்கிற லைசென்ஸ் கம்பெனியையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கல்லூரித் துணி எந்த ஆலையில் தைக்கப்படுகிறது என்ற பட்டியலை டபிள்யூ.ஆர்.சி. வெளிப்படையாக வைத்திருக்கிறது. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் போனில் தேடித் தரச் சொல்லுங்கள், நம் கம்பெனி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு, டைம் ஆபீஸ் பக்கத்துச் சுவரில் பையரின் நடத்தை விதி தமிழில் ஒட்டியிருக்கும். அதை ஆடிட்டருக்கென்று ஒட்டியதாக நினைக்காமல் ஒருதரம் நின்று படியுங்கள். ஓவர்டைமுக்கு என்ன கணக்கு, வயது வரம்பு என்ன, சங்கம் சேரலாமா, யாரிடம் புகார் சொல்லலாம் என்று அதில் இருக்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற எந்த இடத்திலும், பெண்களுக்கு வரும் தொல்லையை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013 முதல் நம் நாட்டுச் சட்டம். குழுவில் யார் யார் என்று கேட்பதற்கு எந்தப் பையரின் தயவும் தேவையில்லை.

மூன்று, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. திருப்பூர், கோயம்புத்தூர், ஈரோட்டுக் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் கல்லூரிகளின் கபடி, கைப்பந்து, கால்பந்து அணிகளுக்கு ஜெர்சி தைக்கிறதும் இந்த வட்டாரம்தான். டிபார்ட்மென்ட் டி-சர்ட்டுக்கு ஆளுக்கு முந்நூறு வசூலித்து ஆர்டர் கொடுக்கிற மாணவர் தலைவர், விலையைப் பேரம் பேசுகிறார், பிரிண்ட் தரத்தைப் பார்க்கிறார். அதைத் தைத்தவருக்கு பீஸ் ரேட் என்ன கிடைத்தது என்று கேட்டதாக நான் இதுவரை கேள்விப்படவில்லை. கடல் தாண்டி இருக்கிற ஒரு பிள்ளை, முகம் தெரியாத தையல்காரிக்காக 51 மணி நேரம் உட்கார முடிந்தது. சொந்த அம்மா செக்கிங் டேபிளில் நிற்கிற பிள்ளைக்கு அந்த ஒரு கேள்வி கேட்பது கஷ்டமே இல்லை. இந்த மடலை வீட்டுக்கு எடுத்துப் போய் அவர்களிடம் கொடுங்கள். அடுத்த ஜெர்சி ஆர்டரிலேயே கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்களோடு அதே ஃப்ளோரில் நிற்கும் ஒருவன்,
ஊத்துக்குளி.